ஹம்பர் ஆற்றில் நான் தூக்கிய சால்மன்

இன்று காலை சால்மன் காக்கும் கூட்டத்தோடு ஹம்பர் ஆற்றில் இறங்கினேன். அணையைத் தாண்ட முடியாத மீன்களைத் தூக்கி மேலே விடுவதுதான் வேலை. அங்கே போனால்தான் அவை முட்டையிடும்.

விடியலிலிருந்து நின்றோம். வந்தது ஒரே ஒரு மீன். சினை மீன். என் தொடையளவு இருக்கும், சத்தியமாக!

கூட வந்த சிவம், "அண்ணை, வழுக்கும், கவனம்" என்றான்.

"நான் பிடிச்சா சுறாவே மூச்சுக் காட்டாது, தம்பி!"

கூட்டத் தலைவியான வெள்ளைக்காரப் பெண் நம்பித்தான் என் கையில் தந்தாள்.

ஊரில் நடந்த இனக்கலவரத்துக்குப் பிறகு கனடா வந்து மூன்று வருடமாகியும் சந்தைப் பழக்கம் போகவில்லை. மீன் புதிதா என்று செவுளை விரித்துப் பார்த்துவிட்டேன்.

"ஐயோ அண்ணை, உது கறிக்கு வாங்கிற மீனே? ரத்தம் வருது, விடுங்கோ!"

விட்டேன். வயிறு மேலே தெரிய மிதந்து, அணைக்குக் கீழேயே நீரோட்டத்தோடு போனது.

அந்தப் பெண் ஏசவில்லை. "இந்த வருடம் இனி வராது" என்று வலையைச் சுருட்டினாள்.

செவுள் என்னவோ நல்ல சிவப்பு. உங்கள் கையில் தந்திருந்தால் பார்க்காமல் விட்டிருப்பீர்களா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.