மருந்து பட்ட கை

நீலம். அறுபதுகளின் தொடக்கத்தை நினைத்தால் அந்த நிறம்தான் முதலில் வருகிறது. வானத்து நீலமல்ல, பேனா மை நீலம். பட்டாசுக் கம்பெனியில் தீப்பட்டவர்களைச் சிவகாசியில் எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரும்போது, வெந்த இடம் முழுக்க மையை ஊற்றித்தான் கொண்டுவருவார்கள். எரிச்சல் அடங்குமாம். நான் அங்கே நர்ஸ். மையைத் துடைத்து, தோலைத் தேடி, எது வெந்தது எது மிஞ்சியது என்று டாக்டரம்மா கண்டுகொள்வதற்குள் நேரம் போய்விடும். பிறகு விரல்கள் உள்ளுக்கு இழுத்துக்கொள்ளும். திரி செருகிப் பிழைக்கிற விரல்கள்.

டாக்டரம்மா தஞ்சாவூர்ப் பக்கம். தபாலில் வரும் வைத்தியப் பத்திரிகையை மத்தியானச் சோற்றோடு படிப்பவர். ஒருநாள் சாப்பிட்ட கையை அலம்பாமலே எழுந்து வந்தார்.

“தீக்காயத்துக்கு உடனே பச்சைத் தண்ணி ஊத்தணுமாம். பட்ட எடத்துலயே. வெளிநாட்டுல சோதிச்சுப் பாக்கறா. சூடு உள்ள எறங்காம தடுக்கறதாம்.”

நான் நம்பவில்லை. தண்ணீர் பட்டால் கொப்புளம் கிளம்பும் என்று கேட்டு வளர்ந்தவள். ஊசி வேகவைக்கும் பாத்திரத்தில் நான் சுட்டுக்கொண்ட அன்று, அவர் என் கையை இழுத்துப்போய்க் குழாயடியில் பிடித்துக்கொண்டு நின்றார். விட்டுவிடுங்கள் என்றேன். விடவில்லை. கொப்புளம் வரவில்லை. அதற்குப் பிறகு என்னையும் யாராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை.

இருவரும் எம். புதுப்பட்டிக்குப் போனோம். என் அண்ணன் மனைவி, மதினி, அங்கே ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். மழை பொய்த்து, கரிசல் காடெல்லாம் வெடித்துக் கிடந்த வருஷம் அது. விதைத்தவர்களெல்லாம் வெடி செய்யப் போனார்கள். வேப்பமர நிழலில் பெண்களை உட்காரவைத்து டாக்டரம்மா சொன்னார்: “தீப்பட்டா மருந்து இல்லாம வெறும் தண்ணி ஊத்துங்க.” எல்லோரும் தலையாட்டினார்கள். அவ்வளவு சுலபமாக ஆட்டியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கொஞ்ச நாளில் அதே கம்பெனியிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். முழங்கை வரை நீலம். சொட்டு ஈரமில்லை.

“தண்ணி ஊத்தலையா?” என்றார் டாக்டரம்மா.

கூட வந்த ஃபோர்மேன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். “எப்படி ஊத்துறது? மருந்து இல்லாம இருந்தாத்தான ஊத்தச் சொன்னீக. இவ கையில மருந்துல்ல பட்டுருக்கு.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் குழாய்க்குள் அடைக்கிற வெடிமருந்து. அது கலக்கும் அறை மருந்து ரூம், அது படிந்த சேலை மருந்துச் சேலை. குணமாக்குவதற்கும் கொளுத்துவதற்கும் ஒரே சொல். அந்தச் சொல்லில் தடுக்கி விழுந்தது ஒரு பெண்ணின் கை. கடைசி இரண்டு விரல்கள் அவளுக்கு நிமிரவே இல்லை.

ஃபோர்மேனின் பயமும் பொய்யில்லை. மருந்தில் கலக்கிற அலுமினியப் பொடியில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறும். மருந்து ரூமுக்குள் ஈரக்கையோடு நுழைந்தவனை அவர் அடித்தே துரத்துவார். டாக்டரம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: “கொஞ்சம் தண்ணிதான் ஆகாது. சேலையக் கழட்டி, பொடியத் தட்டிவிட்டு, குடம் குடமா ஊத்தினா அடிச்சிண்டு போயிடும்.”

மறுபடி போனேன், இந்த முறை தனியாக. மருந்து என்ற சொல்லை வாயிலேயே எடுப்பதில்லை என்ற வைராக்கியத்தோடு. தீயா? தட்டு, ஓடு, ஊத்து. அவ்வளவுதான்.

“வெயில் காலத்துல குடிக்கவே தண்ணி இல்ல நர்சம்மா. ஊத்தச் சொல்லுதீகளே,” என்றார் ஃபோர்மேன்.

மதினி தலையை நிமிர்த்தவில்லை. “அண்ணே, உங்க மீசையக் கழுவுற தண்ணிய மிச்சம் பிடிச்சாலே ஒரு தொட்டி நெறஞ்சிரும்.”

சிரிப்பு அடங்க வெகுநேரமானது. மறுவாரம் ஷெட்டுக்கு வெளியே, மருந்து ரூமுக்கு எட்டாத தூரத்தில், ஒரு சிமெண்டுத் தொட்டி வந்தது. பெண்கள் வீட்டுக்கு ஒரு குடம் என்று முறைபோட்டு நிரப்பினார்கள்.

தீபாவளி சீசனில் ஆர்டர் குவிந்தது. லோடு ஏற்றும் லாரி ஒரு முற்பகல் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. இறங்கியது மதினி. யாரோ கொடுத்த சாக்கைப் போர்த்திக்கொண்டு, தலையிலிருந்து கால்வரை நனைந்து, குளிரில் பல் தந்தியடிக்க. வெந்திருந்தது அவள் வலது கை.

“இந்த ஆளு ஆகாது ஆகாதுன்னு கத்துதாரு,” என்றாள், பின்னால் வந்த ஃபோர்மேனைக் காட்டி. “கத்துங்கன்னுட்டுத் தொட்டிக்குள்ள கைய விட்டுட்டேன். அம்புட்டுப் பொம்பளைகளும் குடத்தோட வந்துட்டாளுக. எரியுது தாயி, ஆனா குளிரு அதவிட மோசம்.”

டாக்டரம்மா கம்பளியைப் போர்த்திவிட்டுக் கையை வெளிச்சத்தில் பிடித்தார். மறைக்க மை எதுவும் இல்லை. சிவந்து, ஈரமாய், விரல் வைத்து அழுத்தினால் வெளுத்து மறுபடி சிவந்தது. உள்ளே ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது.

“மடக்கு.”

மடக்கினாள், உதட்டைக் கடித்துக்கொண்டு.

“நீட்டு.”

ஐந்து விரலையும் நீட்டி, ஃபோர்மேன் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள். “என்னண்ணே, வெடிச்சிருச்சா?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “தொட்டி காலியாக் கெடக்கு,” என்றார். “போய் வண்டித் தண்ணிக்குச் சொல்லணும்.” லாரியை நோக்கி நடந்தார்.

கட்டுத் துணியை எடுத்துக் கொடுத்துக்கொண்டே டாக்டரம்மாவிடம் கேட்டேன், நாளைக்கு அடுத்த பட்டாசு ஊரான அச்சங்குளத்துக்கு எந்த வண்டி போகிறது என்று.