ஐந்நூறு யூனிட்டுக்குள் ஒரு மூச்சு

முன்பெல்லாம் கரண்ட் போய்விட்டால்தான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார்கள். இப்போது கரண்ட் இருக்கிறதே என்று பயந்து கூப்பிடுகிறார்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். கான்ட்ராக்ட் முடிந்ததும் ஆரம்பாக்கத்தில் இருந்துகொண்டே வீட்டு வேலைகளுக்கு இறங்கிவிட்டேன். ஃபேன் மாட்டுவது, மோட்டார் பார்ப்பது எல்லாம் உண்டு. ஆனால் பாதிப் பேர் கூப்பிடுவது "பில்லு ஏன் இப்டி ஏறுது?" என்ற ஒரே கேள்விக்காகத்தான். ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவை பில் மெசேஜ் வந்ததும், அதைத் திறக்காமல் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் நீங்கள் என்றால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

நம் கட்சிக்கு எதிரி ஐந்நூறு என்ற எண். ரெண்டு மாதக் கணக்கு ஐந்நூறு யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை மாறிவிடும். ஒரே ஒரு யூனிட் கூடினாலும் போதும், தலையில் துண்டுதான்.

இதற்கு என்னிடம் ஒரு வைத்தியம் இருந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு செக் மீட்டர், ஒரு சாமான் மட்டும் எத்தனை யூனிட் இழுக்கிறது என்று காட்டும். எந்தச் சாமானின் மேல் சந்தேகமோ அதன் லைனில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி சுவரில் மாட்டிவிடுவேன். அதில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னும். கரண்ட் அதிகம் இழுத்தால் படபடவென்று மின்னும். அதைப் பார்த்துப் பார்த்தே வீட்டுக்காரர்களுக்குக் கை தானாக சுவிட்சுக்குப் போகும். ஆளைப் பயமுறுத்தினால் பில் குறையும் என்று நான் ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பயம் என் வீட்டிலும் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நைனா, அதாவது என் அப்பா, இரும்பு உருக்கும் இடத்தில் முப்பது வருடம் உழைத்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். சித்திரை மாதத்திலிருந்து வீட்டில் ஆக்சிஜன் மிஷின் ஓடுகிறது. சாப்பிட, குளிக்க எழுந்திருக்கும் நேரம் போக மீதி நேரமெல்லாம் மூக்கில் குழாய் இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மிஷின் வருவதற்கு முன் எங்கள் வீடு இருநூறு யூனிட்டில் நிற்கும். வந்த பிறகு முதல் பில்லே ஐந்நூறைத் தாண்டிவிட்டது.

கதவிடுக்கில் காகிதம்

கும்மிடிப்பூண்டி பஜாருக்குப் பின்னால் லட்சுமி என்று ஒரு அம்மா. கார் பார்ட்ஸ் கம்பெனியில் லைன் வேலை. பில் ஏறியதற்கு ஃபிரிட்ஜ்தான் காரணம் என்று முடிவு கட்டி, ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது ஆஃப் செய்துவிட்டு, வந்ததும் ஆன் செய்துகொண்டிருந்தார். மாவு புளித்து, பால் திரிந்து, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்ததுதான் மிச்சம்.

நான் ஒரு பஸ் டிக்கெட்டை ஃபிரிட்ஜ் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துக் காட்டினேன். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கதவு ரப்பர் செத்துப் போயிருந்தது. உள்ளே இருக்கிற குளிர்ச்சியெல்லாம் சமையலறைக்குப் போனால் ஃபிரிட்ஜ் ஓயாமல் ஓடத்தான் செய்யும். உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள், காகிதம் சிக்கி நின்றால் ரப்பர் நல்லாயிருக்கிறது என்று அர்த்தம். ரப்பரை மாற்றினேன். ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். ஒரு வாரத்துக்குச் செக் மீட்டரும் மாட்டிவிட்டு வந்தேன். மூன்றாம் நாளே போன் வந்தது.

"அண்ணா, ஃபிரிட்ஜி நல்லா கீது. இந்த மீட்டர மொதல்ல கய்ட்டிக்கினு போ. அது மின்னுறத பாத்தா எனக்கு சோறே எறங்கல."

நான் சிரித்தேன். வைத்தியம் வேலை செய்கிறது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

ஓயாத ஃபேன்

தனபால் அண்ணனுக்கு எங்கள் ஊரில் நெல் வயல் உண்டு. ரோட்டோரமாக எட்டு ரூம் கட்டி, கம்பெனி வேலைக்கு வந்திருக்கும் வெளி மாநிலத்து ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். கரண்டும் வாடகையில் அடக்கம். அங்கேதான் அவர் சறுக்கினார். எட்டு ஃபேனும் இருபத்து நாலு மணி நேரமும் சுற்றுகின்றன, மோட்டாரில் கோளாறா பார் என்று கூப்பிட்டார்.

கோளாறு ஒன்றுமில்லை. பகல் ஷிப்ட் ஆள் எழுந்து போனதும் அதே பாயில் நைட் ஷிப்ட் ஆள் வந்து படுக்கிறார். ஆள் மாறுகிறதே தவிர ஃபேனுக்கு லீவு கிடையாது. புது மாடல் ஃபேன் போட்டால் பழசு இழுப்பதில் பாதிகூட இழுக்காது, போட்ட காசு ஒரு வருடத்தில் வந்துவிடும் என்றேன். அண்ணனுக்கு அதில் மனமில்லை. பகலில் நாலு மணி நேரம் ஃபேன் லைனை மட்டும் கட் செய்கிற மாதிரி டைமர் மாட்டச் சொன்னார். நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, பல் துலக்கியபடி நின்றிருந்தார் ஒரு ஒடிசாக்காரர். பிரஸ் மிஷினில் வேலை. தகட்டை வைத்து, கையை எடுத்து, மிதித்து, இப்படி ஒரு ஷிப்ட்டுக்கு ஆயிரக்கணக்கில். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, தெரிந்த தமிழில் சொன்னார்.

"அண்ணா, ஃபேன் இல்லே, தூக்கம் இல்லே. தூக்கம் இல்லே, மிஷின்ல கை போய்டும்."

மாமியார் வீட்டில் நாலு நாள்

குமரேசன் தினமும் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர். காலையில் எழுந்ததும் சாமி கும்பிடுகிறாரோ இல்லையோ, மீட்டரைப் பார்த்து நம்பரைக் காலண்டரில் எழுதிவிடுவார். ஒரு தடவை ரீடிங் எடுக்க இன்னும் நாலு நாள் இருக்கும்போது கணக்கு நானூற்று எண்பத்தொன்றுக்கு வந்துவிட்டது. மனிதர் யோசிக்கவேயில்லை. பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கவரைப்பேட்டையில் மாமியார் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வந்து பார்த்தால் பூட்டிய வீட்டில் பதினெட்டு யூனிட் ஓடியிருக்கிறது. நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. மெயினை இறக்கிவிட்டு, வேர்க்க விறுவிறுக்க வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் செய்தார். போய்ப் பார்த்தேன். இன்வெர்ட்டர் பேட்டரி உயிரை விட்டு வருஷமாகிறது. எவ்வளவு ஏற்றினாலும் நிரம்பாது, நிரம்பாததால் ஏற்றிக்கொண்டே இருக்கிறது. அதைப் பிடுங்கச் சொன்னேன். ரீடிங் எடுப்பவர் வந்து போகிற வரைக்கும் அவருக்கு வாசல்படிதான். அந்த நேரம் பார்த்து மாமியார் போனில் வந்தார். ஸ்பீக்கர் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"உங்க ஊட்டு மீட்டரு நின்னுச்சா மாப்ள? நல்லாருங்க. இந்த நாலு நாள்ல எங்க ஊட்டு மீட்டரு ஓடன ஓட்டத்த யாராண்ட சொல்றது?"

முப்பத்தாறு

ஊருக்கெல்லாம் மாட்டும் மீட்டரை எங்கள் வீட்டிலும் மாட்டினேன். மிஷின் எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்தால், மீதி வீட்டுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போடலாம் என்பது என் எண்ணம். நைனா உட்காரும் நாற்காலிக்கு எதிர்ச் சுவரில், மிஷினுக்குப் பக்கத்தில்தான் இடம் வாகாக இருந்தது. "இது இன்னாத்துக்குடா?" என்றார். மிஷின் எவ்வளவு சாப்பிடுகிறது என்று பார்க்க என்றேன். "நான் எவ்ளோ சாப்புடுறேன்னு பாக்கவா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

என் கணக்குப்படி ஒரு நாளைக்கு ஆறு யூனிட், பத்து நாளில் அறுபது. பத்தாம் நாள் பார்த்தால் முப்பத்தாறுதான் காட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மிஷின் நல்ல மிஷின், கம்மியாக இழுக்கிறது, இந்தத் தடவை ஐந்நூறுக்குள் அடங்கிவிடலாம் என்று டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்தேன். மின்சாரம் தெரிந்த எவனும் அந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பான். மிஷின் ஒரே அளவாக இழுக்கிற சாமான், இரக்கப்பட்டுக் குறைத்துக்கொள்ளாது. பில் பயத்தில் எனக்கு என் தொழிலே மறந்துவிட்டது. அன்றைக்குக் கம்பெனியிலிருந்து திரும்பிய என் மனைவி கலா, நைனாவுக்கு டீ கொடுத்துவிட்டு வந்து சொன்னாள்.

"மிஷினு கம்மியா இழுக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறீங்க. மாமா காலு வீங்கிக்கினு கீது, அத பாத்தீங்களா?"

நாளெல்லாம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் என்று நான் சொன்னேன்.

மறந்துபோன கிளாம்ப் மீட்டர்

ரெண்டு நாள் கழித்து எளாவூரில் ஒரு வேலை. பாதி வழியில்தான், ஒயரைக் கவ்விக் கரண்ட் பார்க்கும் கிளாம்ப் மீட்டரை வீட்டில் விட்டது நினைவுக்கு வந்தது. வண்டியைத் திருப்பினேன். மணி பதினொன்றரை இருக்கும். எங்கள் வீட்டு மிஷின் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும், புஸ் புஸ் என்று. அன்றைக்குக் கேட்கவில்லை. கரண்ட் இல்லை போலிருக்கிறது என்று நினைக்கும்போதே பக்கத்து வீட்டு டிவி பாடியது. வண்டியை வாசலில் போட்டுவிட்டு ஓடினேன்.

உள்ளே நைனா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய் இருந்தது. யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்தால் சந்தேகம் வரக்கூடாதாம். மிஷின் அணைந்திருந்தது. எதிர்ச் சுவரில் மீட்டரின் சிவப்புப் புள்ளியும் மின்னவில்லை. உதடு கறுத்து, ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் தூக்கிப் போட்டது. ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை விரலில் மாட்டிப் பார்த்தேன், எண்பத்தொன்று. இருபது வருடமாக சுவிட்சோடு வாழ்கிறவன் நான், அன்றைக்கு அந்த ஒரு சுவிட்சைப் போட ரெண்டு தடவை தடவினேன். பிறகுதான் விவரம் தெரிந்தது. நாங்கள் ரெண்டு பேரும் வேலைக்குக் கிளம்பியதும் அணைப்பார், கலா வருவதற்குச் சற்று முன் போடுவார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், பன்னிரண்டு நாளாக.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். கால் வீங்கியதும் ஆக்சிஜன் போதாமல்தான் என்றார் டாக்டர். ரெண்டாம் நாள் கொஞ்சம் தெளிந்ததும், ஏன் நைனா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். எனக்குக் கோபம், அழுகை, வெட்கம் எல்லாம் ஒன்றாக வந்தது. அவருக்கு என் மேல் கோபமே இல்லை. வேறொரு வாடிக்கையாளர் குறை சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"அது படபடன்னு மின்னுறத பாத்தா நெஞ்ச அடைக்குதுடா. ஆஃப் பண்ணாதான் எனக்கு மூச்சே வருது."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மீட்டரைக் கழற்றினேன். ஆணி அடித்த ஓட்டைகளையும் சிமென்ட் வைத்து அடைத்தேன். ரெண்டு ஃபேனையும் புது மாடலாக மாற்றினோம். துணியெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவைதான் அயர்ன் ஆகிறது. பகலில் நைனாவோடு இருக்க, கலா காலை ஷிப்ட்டை மாலைக்கு மாற்றிக்கொண்டாள், நான் மாலை வேலைகளை விட்டுவிட்டேன். இப்போது எந்த வீட்டில் மீட்டர் மாட்டுவதாக இருந்தாலும், இங்கே பகலில் தனியாக யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் மெசேஜ் வந்தது, திறந்து பார்த்தேன், ஐந்நூறைத் தாண்டி ஐந்நூற்று முப்பதில் போய் நின்றிருந்தது. இத்தனை வருடத் தொழிலில் நான் பார்த்து நிம்மதிப்பட்ட ஒரே பில் அதுதான்.