சூரிச்சில் விடைபெற்ற விதம்

சூரிச் நகரத்தைப் பார்த்தாயா என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்தேன். அதில் பெரும் பகுதி ட்ராமுக்குள் போனது. அந்த ஊரின் கோபுரங்களும் பாலங்களும் எனக்கு நினைவில் நிற்பது நடுவில் ஒரு கண்ணாடியோடும், அதில் தெரிந்த என் மூஞ்சியோடும்தான்.

பாரிஸில் பல மாதம் வேலையில்லாமல் இருந்தேன். ஆட்களோடு அறையைப் பங்குபோட்டுத் தரையில் படுத்துக் கிடந்த காலம். கடைசியில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக் குசினியில் கோப்பை கழுவவும் வெங்காயம் வெட்டவும் ஆள் தேவைப்பட்டது. திங்கட்கிழமை காலையில் வரச் சொன்ன முதலாளி, "பிந்தினால் வேறை ஆளைப் போட்டிடுவன். என்ரை வாசல்லை ஆக்கள் நிக்கிறாங்கள்" என்றும் சொன்னார். அந்த வாரம் பார்த்துத்தான் சூரிச்சுக்குக் கிட்ட வில் நகரத்தில் இருக்கும் என் பெரியம்மாவின் மகன் வீடு வாங்கிக் குடிபூரல் வைத்தார். அண்ணை கூப்பிட்டுப் போகாமல் இருக்க முடியாது. சனிக்கிழமை பால் காய்ச்சுவது, ஞாயிறு மாலை சூரிச்சிலிருந்து பஸ் ஏறுவது, விடியப் பாரிஸில் இறங்கி முதுகுப் பையோடு நேரே குசினிக்குப் போவது என்று ஏற்பாடு. பஸ் டிக்கெட்டை அண்ணையின் மகள் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். எடுத்துவிட்டாள் என்றால் எடுத்துவிட்டாள்தானே. நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளை அங்கேயே பிறந்து வளர்ந்தது. மருந்துக் கடையில் வேலை. சித்தப்பாவுக்குச் சூரிச்சைக் காட்டிவிட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டு வா என்று அண்ணை சொன்னதால் தன் ஞாயிற்றுக்கிழமையை எனக்குத் தந்தாள். அதற்கு நான் நன்றியோடுதான் இருந்தேன், முதல் ஒரு மணித்தியாலம்.

எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. இடம்பெயர்ந்து போன ஊரில் பள்ளிக்கூடமும் அகதி முகாமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் பஸ்ஸிலும் ரயிலிலும் லொறியின் பின்பெட்டியிலும்தான். புது ஊருக்குப் போனால் இறங்கி நடப்பேன், தொலைவேன், யாரையாவது கேட்பேன். ஊர் பார்ப்பது என்றால் எனக்கு அவ்வளவுதான். இவளோ முழுநாளைக்கும் ஒரு டிக்கெட் எடுத்து, எந்த ட்ராமில் ஏறி எங்கே மாறுவது என்று எல்லாவற்றையும் போனில் போட்டு வைத்திருந்தாள். ஒரு ட்ராமில் இருந்து இறங்கினால் அடுத்தது எதிரே வந்து நிற்கும். மூச்சு விடவும் இடமில்லை.

"பிள்ளை, இதிலை கொஞ்சம் இறங்கி நடப்பமே?"

"இண்டைக்கு ஞாயிறு, சித்தப்பா. எல்லாம் பூட்டு. நடந்து என்னத்தைப் பாக்கிறது?"

"பூட்டின கடையைப் பாக்கிறன்."

"போன் எடுத்து அப்பாட்டைச் சொல்லுவன், சித்தப்பா கரைச்சல் தாறார் எண்டு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் இறங்க விடவில்லை.

ட்ராமுக்குள் யாரும் கதைப்பதில்லை. நான் கதைத்தால் முன் இருக்கையில் இருக்கிறவர்களின் கழுத்து விறைத்துப்போகும். "மெதுவா, சித்தப்பா" என்பாள். மெதுவாகத்தான் கதைத்தேன். இதைவிட மெதுவாகக் கதைப்பது என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான். அப்படியும் இருந்து பார்த்தேன்.

ஒரு தரிப்பிடத்தில் கதவு மூடும் நேரம் ஒரு வயதான மனிசி ஓடி வந்தார். எங்கள் ஊர் பஸ் என்றால் அத்தனை பேரும் சேர்ந்து கத்துவார்கள். நான் காலைக் கதவுக்குள் வைத்து, "ஆள் வருது, ஆள் வருது, பொறுங்கோ" என்று தமிழிலேயே கத்தினேன். கதவு என் முழங்காலில் முட்டித் திறந்தது. ஒலிபெருக்கியில் சாரதி ஏதோ சொன்னார். மனிசி ஏறி, என்னைத் திரும்பியும் பார்க்காமல் போய் உட்கார்ந்தார். அண்ணையின் மகளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அடுத்தது வரும்தானே, சித்தப்பா. ஏன் காலை வைச்சனீங்கள்?"

"பாவம், ஓடி வந்தவ."

"ஓடுறது அவவின்ரை விருப்பம்."

நான் முழங்காலைத் தடவிக்கொண்டு வெளியே பார்த்தேன்.

காலையிலிருந்து நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஏரியில் கால் நனைக்க வேண்டும். "லேக் கடைசியிலை, சித்தப்பா" என்று சொல்லிச் சொல்லி, மலை ஏறும் ட்ராம், மலை இறங்கும் ட்ராம், மிருகக்காட்சிச் சாலையின் வாசல் வரை போய் உள்ளே போகாமல் திரும்பும் ட்ராம் எல்லாம் காட்டினாள். ஏரிக்கரைத் தரிப்பிடத்துக்கு வந்தபோது மாலையாகிக்கொண்டிருந்தது. தண்ணீர் தெரிந்தது. வெள்ளைப் பறவைகளும் படகுகளும் தெரிந்தன. தரிப்பிடத்திலேயே என்னை நிற்கவைத்து ஒரு படம் எடுத்தாள். அதற்குள் பெரிய ஸ்டேஷனுக்குப் போகும் ட்ராம் வந்துவிட்டது. பாரிஸ் பஸ் அந்த ஸ்டேஷனுக்குப் பின்னால்தான் நிற்கும்.

"இதுதான் சித்தப்பா, ஏறுங்கோ."

அந்த இடத்தில் எனக்குப் பொறுமை விட்டுப்போனது. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடந்தது. ட்ராம் இலக்கமும் எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளையும் நாள் முழுக்க என்னோடு அலைந்து களைத்துவிட்டது. அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏரியில் காலை வைத்துவிட்டு நானே போகிறேன் என்று நினைத்தேன். அவள் படியில் கால் வைத்ததும், விடைபெறுகிறவன் சொல்கிறதைச் சொன்னேன்.

"சரி பிள்ளை, அப்ப நான் வாறன்."

"ஓம், வாங்கோ" என்றாள்.

எவ்வளவு முறையாகச் சொல்கிறாள், அங்கே பிறந்தாலும் அண்ணை பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கிறார் என்றுகூட நினைத்தேன். கதவு மூடியது. நான் கை காட்டினேன். அவளும் கண்ணாடிக்கு உள்ளே இருந்து கையை ஆட்டினாள். இப்போது யோசித்தால் அது ஆட்டியதல்ல, கண்ணாடியில் தட்டியது.

ஏரிக்கரைப் படிகளில் இறங்கிச் சப்பாத்தைக் கழற்றிக் காலை வைத்தேன். தண்ணீர் எலும்புவரை குளிர்ந்தது. ஒரு வாத்து வந்து என் கால்விரலைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. அன்று நான் பார்த்த சூரிச் அதுதான். பிறகு கரையோரமாகக் கொஞ்சத் தூரம் நடந்து, வேறொரு தரிப்பிடத்தில் அதே இலக்க ட்ராமில் ஏறினேன். அதே இலக்கம் எதிர்த் திசையிலும் ஓடும் என்பதை யோசிக்கவில்லை. அது என்னை வீடுகளும் மரங்களும் உள்ள ஒரு கோடிக்குக் கொண்டுபோய் விட்டது. மறுபடி ஏறி, முழு வழியும் திரும்பி, ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓடினேன். பஸ் நின்றது. கடவுளே என்று மனம் ஆறியது.

சாரதி கையை நீட்டினார். டிக்கெட்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிக்கெட் அவளுடைய போனுக்குள் இருக்கிறது. நான் வாங்கியாயிற்று என்றேன், பெயரைச் சொன்னேன், பிரெஞ்சிலும் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கினார். அவரிலும் பிழையில்லை. அவளைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தேன். நானே அனுப்பிவைத்ததை மறந்து, என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட வந்தவள் எங்கே போய்விட்டாள் என்று எனக்குக் கோபம் வேறு. என் பிரெஞ்சு போன் அந்த நாட்டில் வேலை செய்யவில்லை. பக்கத்தில் குப்பைத் தொட்டிக்குப் பை மாற்றிக்கொண்டிருந்தவர் முகத்தைப் பார்த்ததும் தமிழர் என்று தெரிந்தது. ஓடினேன்.

"அண்ணை, ஒருக்கா போன் தாறியளோ? அவசரம்."

"தாறன், தம்பி. ஊரிலை எவடம்?"

"அண்ணை, பஸ் வெளிக்கிடுது!"

"அது தெரியுது. எவடம் எண்டு சொன்னால் என்ன?"

சொன்னேன். அந்த ஊரில் அவருக்கு ஒரு சகலன் இருந்தார். சகலனின் பெயரைச் சொல்லித் தெரியுமோ என்று கேட்டு முடித்துத்தான் போனைத் தந்தார். எனக்கு மனப்பாடமாக இருந்தது வில்லில் இருக்கும் அண்ணையின் நம்பர் மட்டும். அண்ணை எடுத்ததும் கத்தினார்.

"எங்கையடா நிக்கிறாய்? பிள்ளை உன்னைக் காணேல்லை எண்டு அழுதுகொண்டு நிக்குது!"

"எங்கை நிக்கிறாள்?"

"லேக்கடியிலை. நீ வாறன் எண்டு சொன்னனியாம்!"

நான் நிமிர்ந்து பார்த்தபோது பஸ் திரும்பி வீதியில் ஏறிவிட்டது.

அண்ணை சொல்லி, அடுத்த ட்ராமில் வந்து இறங்கி அவள் ஓடி வந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. அடுத்த தரிப்பிடத்தில் இறங்கித் திரும்பி வந்து, நான் வருவேன் என்று அதே இடத்தில் நின்றிருக்கிறாள். நான் கரைக்குக் கீழே வாத்தோடு இருந்தேன்.

"வாறன் எண்டுதானே சொன்னனீங்கள், சித்தப்பா?"

"வாறன் எண்டால் போறன் எண்டு அர்த்தம், பிள்ளை."

"அப்ப ஏன் போறன் எண்டு சொல்லேல்லை?"

"போறன் எண்டு சொல்லக்கூடாது."

"ஏன்?"

ஏன் என்று எனக்குத் தெரியாது. யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. "நீயும் வாங்கோ எண்டுதானே சொன்னனீ" என்றேன்.

"ட்ராமுக்குள்ளை வாங்கோ எண்டு சொன்னனான்!"

போன் தந்த அண்ணை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "பிள்ளை சொல்லுறதிலும் ஞாயம் இருக்கு, தம்பி" என்று சொல்லிவிட்டுக் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். இவரை யார் கேட்டது?

அன்று வேறு பஸ் இல்லை. ரயிலும் விடியமுன் கொண்டுபோய் விடாது. அவள் தன் போனையே நீட்டினாள். தானும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். பையில் இருந்த கடைத் துண்டில் நம்பரைப் பார்த்து முதலாளிக்கு எடுத்தேன்.

"அண்ணை, பஸ்ஸை விட்டிட்டன். செவ்வாய்க்கிழமை காலமை கட்டாயம் நிப்பன்."

மறுபக்கத்தில் சட்டிகள் இடிபடும் சத்தம் கேட்டது. யாரையோ ஏசினார். பிறகு சொன்னார்.

"ம்ம். சரி, தம்பி. பாப்பம்."

போன் நின்றது. வேலை போய்விட்டது. பாரிஸில் அந்தப் 'பாப்பம்' என்ற சொல்லை எத்தனை கடை வாசலில் கேட்டுத் திரும்பியிருக்கிறேன்.

அண்ணையின் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "பாப்பம் எண்டு சொல்லீட்டார், சித்தப்பா. பிரச்சினை இல்லை என்ன?"

ஒரு நாளைக்கு ஒரு சொல்லை விளங்கப்படுத்தியது போதும்.

"ஓம்" என்றேன். வில்லுக்குப் போகும் ரயில் எந்த மேடையில் என்று கேட்டேன்.