சாம்பார் சொன்னால்தான் கேட் திறக்கும்

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சின்ன ர வருமா பெரிய ற வருமா என்று சந்தேகம் வந்த இடங்களில், இரண்டையும் எழுதிப் பார்த்து எது பார்க்க அழகாக இருந்ததோ அதை வைத்திருக்கிறேன். செக்ரட்டரி சார் திருத்தித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அவர் திருத்தினால் இந்த விஷயத்தில் அவர் ஜெயித்ததாக ஆகிவிடும்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கச் சந்தில், பன்னிரண்டு வீடுகள் உள்ள கட்டடத்தில் நான் வாட்ச்மேன். வேலையோடு மோட்டார் ரூமை ஒட்டி ஓர் அறையும் கொடுத்திருக்கிறார்கள். ஆற்றோரம் இருந்த எங்கள் வீட்டை எடுத்துவிட்டு எங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். நானும் என் மனைவியும் திரும்ப ஊருக்குள் வந்து கால் நீட்டிப் படுத்தது இந்த அறையில்தான். அவள் இதே சந்தில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறாள். என் வேலை போனால் அறை போகும். அறை போனால் அவள் இருட்டோடு எழுந்து இரண்டு பஸ் மாறி வரவேண்டும். இதை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் வருவதெல்லாம் படிக்கச் சிரிப்பாக இருக்கும். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

செக்ரட்டரி சார் இரண்டாம் மாடி. ஆயுசு முழுக்க இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்தவர். சின்ன வயதில் ராணுவத்தில் சேரப் போனபோது பாதம் தட்டையாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அந்தப் பாதத்தை எனக்குப் பலமுறை காட்டியிருக்கிறார். ரிட்டையர் ஆன பிறகு அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் சிப்பாய்களுக்காக எழுதின பயிற்சிப் புத்தகங்களை இப்போது அப்படியே படம் பிடித்து, புதுக் காகிதத்தில் மறுபடி அச்சடித்து விற்கிறார்கள். அவற்றை போனில் ஆர்டர் போட்டு வரவழைப்பார்.

எல்லாம் இங்கிலீஷ். எனக்கு எழுத்துத் தெரியாது, படம் தெரியும். ஒன்றில் கோவேறு கழுதை மேல் பீரங்கியைக் கட்டுவது எப்படி என்று படம் போட்டிருக்கும். ஒன்றில் கூடாரம் அடிப்பது. ஒன்று முழுக்கப் பதுங்குகுழி. ஒரு பக்கத்தில் செத்த பூச்சி ஒன்று கிடந்தது. தட்டிவிட்டேன், போகவில்லை. ஊதினேன், போகவில்லை. "அது அச்சுப்பா" என்றார் சார். பழைய புத்தகத்துக்குள் செத்துக் கிடந்த பூச்சியையும் சேர்த்துப் படம் பிடித்திருக்கிறார்கள். இன்னொரு பக்கத்தின் ஓரத்தில் படம் பிடித்தவரின் கட்டைவிரல் இருந்தது. துப்பாக்கியை எப்படித் துடைப்பது என்ற படத்துக்குப் பக்கத்தில் அந்த விரல். அதுவும் பயிற்சியில் சேர்த்தியோ என்று சார் ஒரு நாள் முழுக்க யோசித்தார்.

வாங்கினதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. படித்ததையெல்லாம் எங்கள் கட்டடத்தில் நடத்திப் பார்ப்பார். கழுதைப் புத்தகம் வந்த வாரம் காஸ் சிலிண்டரை என் முதுகில் கட்டிப் பார்த்தார். கயிறு சரியாகத்தான் இருந்தது. நான் கழுதை இல்லை என்பதுதான் தகராறு. முகாமில் சுகாதாரம் என்ற புத்தகம் வந்தபோது விரலை நக்கிக் காற்றில் பிடித்துப் பார்த்து, குப்பைத் தொட்டியை டாக்டர் வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே வைத்தார். மூன்றாம் மாடி பல் டாக்டருக்கும் சாருக்கும் சண்டை அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

அதன் பிறகு வந்தது காவல் புத்தகம். சிப்பாய் கேட்டில் எப்படி நிற்க வேண்டும், வருகிறவரை எப்படி நிறுத்த வேண்டும் என்று முழுக்க அதிலேயே இருந்தது. சார் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். முக்கியமானது இதுதான். தினம் ஒரு ரகசியச் சொல் இருக்க வேண்டும். அதைச் சொல்லாதவனை உள்ளே விடக்கூடாது. ஜெனரலாக இருந்தாலும் விடக்கூடாது.

முதலில் நதிகளின் பெயரைச் சொல்லாக வைத்தார். ஒருவருக்கும் நினைவில் நிற்கவில்லை. முதல் மாடிப் பாட்டு டீச்சர், காவேரி என்று சொல் வைத்த அன்றைக்குக் கோதாவரி என்றுவிட்டு, கையில் வெண்டைக்காய்ப் பையோடு வெயிலில் நின்றார். அப்புறம் சாரே ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் வீட்டில் அன்றைக்கு என்ன சாம்பாரோ அதுதான் அன்றைய சொல். காலையில் சாரின் மனைவி, மாமி, காய் நறுக்கும்போதே சொல் தயாராகிவிடும். மாமி கட்டடத்துப் பெண்களின் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார். ஏகாதசியில் சாம்பார் கிடையாது, அதனால் சொல்லும் கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். "எதிரிக்குத் தெரிஞ்சா?" என்று கேட்டேன். "எதிரி பஞ்சாங்கம் பார்க்க மாட்டான்" என்றார் சார்.

சிக்கல் என்னிடம்தான் இருந்தது. எனக்குக் கூச்சம் ஜாஸ்தி. கல்யாணத்தன்று ஐயர் பெயர் கேட்டதற்கே என் மாமாதான் சொன்னார். நான் மெதுவாக "இன்னைக்கு என்ன சாம்பார்?" என்று கேட்டால், வருகிறவர்கள் நான் பசியோடு இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். "நாங்க ஆத்துல சாப்ட்டுட்டுதான் வந்தோம்பா" என்று ஒரு பெரியவர் என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். இன்னொரு அம்மா கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்தார்.

பார்சல் கொண்டுவருகிறவர்தான் சண்டைக்கு வந்தார். "இன்னாண்ணே இது? நான் உங்களாண்ட ஓடிபி கேட்டா, நீங்க என்னாண்ட சாம்பார் கேக்குறீங்க?"

"சட்டம்பா."

"எந்த ஊர் சட்டம்? அடையார்ல நாய் கீது, கடிக்குது, போயிடுது. இங்க மெனு கேட்டுக்கினு நிக்குறீங்க."

அடிவயிற்றிலிருந்து குரல் வரவேண்டும் என்று புத்தகத்தில் இருப்பதாக சார் சொன்னார். என் மனைவி, "கடலப் பாத்து கத்துய்யா, அது ஒண்ணும் திருப்பிக் கேக்காது" என்றாள். பட்டினப்பாக்கம் போய்த் தண்ணீருக்கு நேராக நின்று, "நில்! யார் அங்கே?" என்று கத்தினேன். கத்தினதாக நான் நினைத்துக்கொண்டேன். வலை உதறிக்கொண்டிருந்தவர் திரும்பி, "இன்னா நைனா, யாரத் தேடற?" என்றார். "யாரும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஒரு யோசனை சொன்னார். முகத்தைப் பார்த்துத் தானாகத் திறக்கும் கேட் வந்திருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் வாட்ச்மேன் தேவையில்லை. என் அறையில் ஸ்கூட்டர் நிறுத்திக்கொள்ளலாம். இதை அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. போகும்போது என்னிடமே வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க, காலம் மாறுதில்லையா" என்றார். வரும் ஞாயிறு காலை மீட்டிங், அங்கேயே ஓட்டு என்று முடிவாயிற்று. கேட் கம்பெனி ஆளும் வந்து விளக்குவார்.

சார் என் பக்கம். ஆனால் சார் ஒருவர் என் பக்கம் இருப்பது எனக்கு நல்லதா கெட்டதா என்று எனக்கே தெரியவில்லை. ஞாயிறு காலையில் கீழே வந்தார். டாக்டர் காரில் தி.நகர் போய் அந்தக் கம்பெனி ஆளைக் கூட்டிவரப் போகிறோம் என்றார். "திரும்பி வரப்போ வண்டியை நிறுத்து. சொல் கேளு. தப்பா சொன்னா நானா இருந்தாலும் விடாதே. மெஷினா மனுஷனான்னு அவா கண்ணால பாக்கட்டும். இன்னிக்குக் கத்தரிக்காய்." சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

கார் தெரு முனை திரும்பியதும் மாமி கீழே வந்தார். "தண்ணி வரலையே, மோட்டார் போட்டியோ?" என்று கேட்டுக்கொண்டே மோட்டார் ரூம் கதவைத் திறந்துவிட்டார்.

அங்கேதான் பார்சல்கள் இருந்தன. இனிமேல் ராணுவப் புத்தகம் வாங்குவதில்லை என்று சார் மாமியிடம் சத்தியம் செய்து வெகுநாளாகிறது. சமையலறையில் பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால்கூடப் பதுங்குகுழிப் புத்தகம் வந்த பிறகு வாங்கின சத்தியம் அது. அதற்கப்புறம் வந்தவற்றையெல்லாம் சார் சொன்னபடி நான் மோட்டாருக்குப் பின்னால் அடுக்கி, மேலே சாக்கைப் போட்டு மூடியிருந்தேன். எதிரியின் கண்ணில் படாமல் மறைப்பது எப்படி என்ற புத்தகத்தின்படிதான் மூடினேன். மாமி சாக்கை ஒரு கையால் இழுத்தார்.

ஒரு பார்சலை எடுத்துத் திருப்பி, மேலே இருந்த விலாசத்தைப் படித்தார்.

"இன்னிக்குக் கத்தரிக்காய் கிடையாது" என்றார். "மோர்க்குழம்பு பண்ணப்போறேன். அதான் சொல். எல்லார்ட்டயும் நானே சொல்லிடறேன். அவர்ட்ட மட்டும் மூச்சு விடாதே."

"மாமி, அந்தச் சொல்லை சார்தான் மாத்தணும்..."

"சாம்பார் யார் வைக்கறா? அவரா?"

இதற்குப் புத்தகத்தில் பதில் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. என் மனைவியிடம் போய்ச் சொன்னேன். "மாமி சொல்றதுதான்யா சொல்லு" என்றாள். பிறகு அறையைப் பெருக்க ஆரம்பித்தாள். காலி செய்வதற்குப் பெருக்குகிறாளா, இருப்பதற்குப் பெருக்குகிறாளா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

கீழே நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பாதிப் பேர் பால்கனியில். மாமி கையில் கரண்டியோடு நடுவில். கார் சந்துக்குள் திரும்பியது. டாக்டர் ஓட்டினார், பக்கத்தில் சார், பின்னால் கழுத்தில் அட்டை மாட்டின கம்பெனி ஆள். வண்டி கேட்டை நோக்கி வந்துகொண்டே இருந்தது. என் வாயிலிருந்து சத்தம் வரப்போவதில்லை என்று நினைத்தேன். அறையில் விளக்குமாறு தரையில் தேய்வது காதில் விழுந்தது.

"நில்! யார் அங்கே?"

அது என் குரல் என்று எனக்குத் தெரிவதற்குள் கார் அணைந்துவிட்டது. பின்னால் வந்த ஆட்டோ நின்றது. எதிர்வரிசையில் இஸ்திரி போடுகிறவர் பெட்டியைத் தூக்கியபடி நின்றார். முதல் மாடியில் பாட்டு கற்றுக்கொண்டிருந்தவர்கள் பாதி சுரத்தில் நிறுத்தினார்கள். தெரு நாய் உட்கார்ந்துவிட்டது.

சார் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. கண்ணாடியை இறக்கி, கம்பெனி ஆளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "கத்தரிக்காய்!" என்றார்.

"இல்லைங்க சார்" என்றேன்.

"என்னப்பா இல்லே? கத்தரிக்காய்."

"அது இல்லைங்க சார்."

டாக்டர் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தார். மேலே பால்கனியில் அவர் மனைவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் மீசைக்குள் சிரித்துக்கொண்டு, "மோர்க்குழம்பு" என்றார்.

"டாக்டர் போகலாம். மத்தவங்க இறங்கணும்."

சாரும் கம்பெனி ஆளும் இறங்கினார்கள். கார் உள்ளே போயிற்று. நான் கேட்டைச் சாத்தினேன்.

"ஏய், நான்தான்பா செக்ரட்டரி!"

"நீங்களா இருந்தாலும் விடக்கூடாதுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க."

சொல் தெரியாதவரை உள்ளே இருக்கும் ஒருவர் அடையாளம் காட்டினால் விடலாம் என்று புத்தகத்தில் ஒரு வரி உண்டு. அவரே படித்துச் சொன்னதுதான். அண்ணாந்து, "மாமி! இவரைத் தெரியுமா?" என்று கத்தினேன். குரல் இன்னும் அதே அளவில்தான் இருந்தது. குறைக்கத் தெரியவில்லை.

மாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "பாத்த மாதிரிதான் இருக்கு. மோட்டார் ரூம்ல இருக்கறதெல்லாம் யாரோடதுன்னு கேளு."

சார் என்னைப் பார்த்தார். நான் நாயைப் பார்த்தேன்.

"என்னோடதுதான்" என்றார் சார்.

"சத்தமா."

"என்னோடது! எல்லாம் என்னோடது!" இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். சரணடைவது எப்படி என்று படம் போட்ட பக்கத்தில் சிப்பாய் அப்படித்தான் நிற்பான். உள்ளே எல்லோரும் கைதட்டினார்கள்.

கேட்டைத் திறக்கப் போனேன். "இருப்பா" என்றார் டாக்டர் மனைவி மேலிருந்து. கம்பெனி ஆளைக் கேட்டார்: "சார், உங்க மெஷின் இவரை இந்த மாதிரி வெளியில நிறுத்துமா?"

அவர் இதற்காகவே காத்திருந்தவர் போல நிமிர்ந்தார். "சான்ஸே இல்லைங்க மேடம்! வீட்டுக்காரங்க முகம் தெரிஞ்ச உடனே ஆட்டோமேட்டிக்கா திறந்துடும். யாரும் தடுக்கவே முடியாது!"

பால்கனியில் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப வேண்டாம்" என்றார் பாட்டு டீச்சர்.

ஓட்டு என்று தனியாக எதுவும் எடுக்கவில்லை. மேலே எல்லாக் கைகளும் தூக்கியிருந்தன. கீழே உட்கார்ந்திருந்த ஆண்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தூக்கினார்கள். கடைசியாக டாக்டரும் தூக்கினார். கம்பெனி ஆளுக்கு மாமி மோர்க்குழம்பும் அப்பளமும் போட்டு அனுப்பினார். நல்ல மனிதர். என் குரலைத் தன் கம்பெனி அலாரத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது, வேண்டாம் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை.

அறையில் என் மனைவி பெருக்கி முடித்து, கோலமும் போட்டு வைத்திருந்தாள். "நீயா கத்தின?" என்றாள். "நானில்ல, நம்ம நாயி" என்றேன். அன்றைக்கு இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தோம்.

காவலில் நடந்த எந்தச் சம்பவத்தையும் காவல்காரன் தன் கையால் எழுதி வைக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறதாம். சார் போன வருஷத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார், இப்போதுதான் எழுதினேன். சார் மறுபடி புத்தகம் வாங்குகிறாரா, வாங்கினால் அது இப்போது யார் வீட்டு விலாசத்துக்கு வருகிறது என்று மாமி என்னிடம் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது. பல் டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

அறிக்கையின் அடியில் அன்றைய சொல்லையும் தேதியையும் போட வேண்டுமாம். சொல்லை வெளியில் எழுதுவது சட்டப்படி தப்பு. அதனால் தேதி மட்டும்.

கார்த்திகை பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை.