ஆறாவது ராணி எப்படித் தப்பினா?

யார் தலை போகப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்த ராஜ கதைகளைப் படித்துச் சொகுசு கண்டவர்களுக்கு, குடியுரிமைப் பரீட்சைக்கு ஆள் தயார்படுத்தும் தொழில் சரிப்பட்டு வராது. நானும் உங்களைப்போல ஒரு பைத்தியம்தான். ஐரோப்பிய அரச குடும்பத்து நாவல் ஒன்று தடிமனாகக் கையில் கிடைத்தால் அடுப்பில் கறி அடிப்பிடிக்கும். அந்தப் பைத்தியத்தை நம்பித்தான் கோலியர்ஸ் வுட் என்ற ஊரில் ஒரு கடையின் மேல்மாடியில் நம்மவர்களுக்குச் சனிக்கிழமை வகுப்புத் தொடங்கினேன். நாவலில் ராணிக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் இருப்பவர்களுக்கு என்ன நடக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அண்ணியைக் கட்டின ராஜா

வசந்தி என்னிடம் வந்தபோது அந்தப் பரீட்சையில் ஏற்கெனவே இரண்டு தரம் பெயில். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. வேலை விசாவில் ஐந்து வருடம் முடியப்போகிறது. நிரந்தர விசாவுக்கும் இதே பரீட்சைதான். பாஸ் என்றால் அதற்கு விண்ணப்பிக்கலாம், அது வந்தபின் பிடித்த இடத்தில் வேலை தேடலாம். பெயில் என்றால் இருக்கிற விசாவை நீட்டுவதற்கு அந்த இல்லத்து மனேச்சர்தான் மனம் வைக்க வேண்டும். அந்த மனிதரோ, லீவு கேட்டால்கூட 'உன் விசா என் கையில்' என்று ஞாபகப்படுத்துகிறவர்.

பரீட்சையில் கேட்கிற ஆங்கிலேய ராஜாக்களில்தான் சறுக்குகிறது என்று வசந்தி சொன்னதால், ஆறு கல்யாணம் செய்த ராஜாவில் தொடங்கினேன். முதல் ராணி அவருடைய செத்துப்போன தமையனின் மனைவி என்றதும் வசந்தியின் பேனா நின்றது. "அண்ணியையோ?" என்றார். ஓம் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு புத்தகத்தை மூடினார்.

"ரீச்சர், இந்த வீட்டுச் சம்பந்தம் வேண்டாம். வேற ராஜா இருந்தால் காட்டுங்கோ."

மச்சான் என்றால் சரி

வேறு ராஜா பார்க்க எங்கே நேரம்? பரீட்சைக்குத் திகதி எடுத்தாயிற்று. வசந்திக்குப் பெயரும் நிற்கவில்லை, வருடமும் நிற்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அடுத்த சனிக்கிழமை 'அண்ணியைக் கட்டினவர்' என்று கேட்டதுதான் தாமதம், அவருடைய தகப்பன் யார், பிள்ளைகள் யார் என்று கடகடவென்று சொன்னார். மனிசிக்கு உறவுமுறை மறக்கவே மறக்காது!

உடனே எல்லா ராஜாக்களையும் முறை வைத்துச் சொல்லத் தொடங்கினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு மகாராணி கட்டியது தாய்மாமன் மகனை. அரியணையில் ஜோடியாக இருந்து ஆண்ட ராணிக்கு வாய்த்தவர் சொந்த மாமி மகன். மச்சான்தான், பழுதில்லை என்று வகுப்பே சிரித்துத் தலையாட்டியது. திரும்பவும் அந்த ஆறு பேரிடம் வந்து, இரண்டாவதுக்கும் ஐந்தாவதுக்கும் தலை போனது என்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. வசந்தி ஆறாவது ராணியை மட்டும் விடவில்லை. அவ எப்படித் தப்பினா? அவரையும் பிடித்துக்கொண்டு போக ஏற்பாடு நடந்ததாம், அவர் அதை அறிந்து ராஜாவிடம் பணிந்து கதைத்து உயிர் தப்பினாராம் என்று, நான் படித்ததைச் சொன்னேன். வசந்தி பேனாவை மூடி வைத்தார்.

"மனேச்சரோட நானும் அப்பிடித்தான் கதைக்கிறனான், ரீச்சர்."

அக்கா மகள்

பரீட்சைக்கு முந்திய கடைசி வகுப்பு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு எப்போது முடிந்தது? பாடத்தில் இல்லாத ஒரு ஸ்பெயின் ராஜா சொந்தத் தங்கையின் மகளையே கட்டினார் என்று சொல்லிவிட்டேன். செவன் கிங்ஸிலிருந்து வரும் சண்முகம் அண்ணை காதைப் பொத்தினார். ஏழு ராஜாக்கள் பேரில் இருக்கிற ஊரில் குடியிருந்தும் ஒரு ராஜாவையும் தெரியாதவர் அவர். "சிவசிவா! மாமன் எண்டால் தகப்பன் மாதிரியெல்லோ? இதென்ன மிருகச் சாதியே?" என்றார்.

மதுரைக்காரி மீனாட்சி எழுந்து நின்றார். "யாரை மிருகம்ங்கிறீங்க? எங்க அப்பா எங்க அம்மாவுக்குச் சொந்தத் தாய்மாமன். எங்க ஊர்ல மாமனுக்குத்தான் முதல் உரிமை!" அண்ணையும் எழுந்தார். மாமி மகள், அக்கா மகள் என்று சத்தம் கீழே கடைவரைக்கும் போனது. நான் இருவருக்கும் நடுவில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். வகுப்பு நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று வசந்தி மேசையில் அடித்தார். கண்ணில் நீர் முட்டியிருந்தது.

"அவன் ஆரைக் கட்டினாலும் கட்டட்டும்! எனக்கு வியாழக்கிழமை சோதினை."

வாசலில் நான்

வியாழக்கிழமை பரீட்சை நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். வசந்தி மனேச்சரிடம் பரீட்சை என்று மூச்சு விடவில்லை. இன்னொருத்தியோடு ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். தன் போனை என்னிடம் தந்துவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் அது அடித்தது. மனேச்சர்! அடித்து நின்றது, மறுபடியும் அடித்தது. எடுக்கவும் பயம், நிறுத்தவும் பயம். கைப்பையில் இருந்த நாவலை எடுத்து விரித்தேன், ஒரு வரியும் ஓடவில்லை.

வசந்தி வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்க வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துத் திரும்பவும் போன். வாங்கி எடுத்தார். ஓம் சேர், சொறி சேர், நாளைக் காலை கட்டாயம் வருவேன் சேர் என்று ஆங்கிலத்தில் அப்படி ஒரு பணிவு. பெயில்தான் என்று எனக்குள் எல்லாம் இடிந்து விழுந்தது. அவர் போனை அணைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"விசா வருமட்டும் பணிஞ்சுதானே கதைக்க வேணும், ரீச்சர். ஆறாவது ஆள் தப்பிட்டா."

எத்தனையோ ராணிகளின் தலை விழுந்தபோதும் அடுத்த பக்கத்தைப் புரட்டிய நான், ஒரு தலை தப்பியதற்காக நடுப்பகலில் பஸ் தரிப்பில் நின்று விக்கி விக்கி அழுததை, கறியை அடிப்பிடிக்க விடும் உங்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்வதாக இல்லை.