ஞாயிற்றுக்கிழமை விளக்கெண்ணெய்

எனக்கு ஆறு வயதிருக்கும். ஒருநாள் வெளிக்குப் போகும்போது கிழிந்து ரத்தம் வந்தது. அந்த வலிக்குப் பயந்து அடக்க ஆரம்பித்தேன். நான்கு நாள், ஐந்து நாள் போகமாட்டேன். நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவின் அக்கா எங்களோடு இருந்தாள்; அவள் அதைத் திமிர் என்றாள்.

ஞாயிறு விடிந்ததும் அத்தை என்னைத் தன் தொடைகளுக்கிடையில் இடுக்கி, மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றுவாள். துப்பினால் மறுபடியும் ஊற்றுவாள். மதியம்வரை வயிறு முறுக்கும், போகும்போது எரியும். திங்கள் முதல் முன்பைவிடப் பிடிவாதமாக அடக்குவேன்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து, பாலசமுத்திரம் பக்கத்து எங்கள் ஊர் எந்த மாநிலத்துக்கு என்று பேச்சு நடந்த காலம் அது. நைனா எல்லைக் கூட்டங்களில் தொண்டை கட்டக் கத்திவிட்டு வருவார். வீட்டில் அக்காவை எதிர்த்து ஒரு சொல் பேசமாட்டார்.

பிறகு எனக்கே தெரியாமல் பாவாடையில் ஒழுக ஆரம்பித்தது. பள்ளியில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அத்தை என்னைக் கிணற்றடியில் எல்லோரும் பார்க்க நிற்கவைத்துக் கழுவினாள்.

"வேணும்னே பண்ணுது, மூதேவி."

மறுநாள் அம்மா யாரிடமும் சொல்லாமல் என்னைத் திருப்பதிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனாள். அங்கே டாக்டரம்மா என் வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"உள்ள கல்லு மாதிரி கெட்டிப்பட்டு நிக்குது. அதைச் சுத்தி தண்ணியா ஒழுகுது. பாப்பா மேல தப்பில்லம்மா. யாரு விளக்கெண்ணெய் குடுக்கறது?"

"எங்க அண்ணி" என்றாள் அம்மா.

எனிமா கொடுத்து அன்றே இறக்கினார்கள். தினமும் கொஞ்சம் குடிக்க வெள்ளை மருந்து ஒன்று தந்தார்கள். மாதக்கணக்கில் நிறுத்தாமல் கொடுக்க வேண்டும், சாப்பிட்டதும் பொறுமையாக உட்காரவைக்க வேண்டும், திட்டவே கூடாது என்றார் டாக்டரம்மா.

அடுத்த ஞாயிறும் அத்தை கிண்ணத்தோடு வந்தாள். அம்மா அதைப் பிடுங்கி அவள் வாயருகே நீட்டினாள்.

"நீங்க குடிங்க அண்ணி. குடிச்சிட்டு நாள்பூரா சுருண்டு கெடங்க. அப்பறம் எம்பொண்ணுக்கு ஊத்துங்க."

அத்தை நைனா பக்கம் திரும்பினாள். "இவ பேசறத பாத்துக்கினு நிக்கிறியேடா."

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா எண்ணெயைச் சாக்கடையில் கொட்டினாள்.

பயமில்லாமல் போய்வர எனக்கு ஆறேழு மாதம் பிடித்தது. தன் எண்ணெயால்தான் குணமானேன் என்று அத்தை வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பல வருடம் கழித்து, படுத்த படுக்கையாகக் கிடந்தவள் என்னைப் பார்க்க வேண்டும் என்று ஆள் அனுப்பினாள். நான் போகவில்லை.