மெல்பேர்னுக்குப் போன இடியப்ப உரல்

மெல்பேர்னில் இருக்கும் மகள் மாசமாக இருந்தாள். எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. "அம்மா, ஒங்க இடியப்பம்னா எறங்கும். இங்க மாவு புழியிற நல்ல உரல் இல்ல. மர உரலா ஒன்னு கொண்டு வாங்க" என்றாள். பிள்ளை வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். மரச்சாமான் கடைகள் இருக்கும் பிலிமத்தலாவையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பலா மரத்தில் செய்த உரல் ஒன்றை வாங்கிவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கே உதறல். "மரச்சாமான் எல்லாம் அங்க விடமாட்டாங்க. சேலைக்குள்ள சுத்தி வச்சிருவோம். வாயே தொறக்காத" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நான் என்னா கஞ்சாவா கடத்துறேன்? மரம்னு சொல்லிட்டே கொண்டு போறேன், பாருங்க."

பட்டை இருக்கக்கூடாது, பூச்சி இருக்கக்கூடாது என்று மகள் சொல்லியிருந்தாள். உரலைத் தேய்த்துக் கழுவி, எங்கள் ஊர் அம்பிட்டிய வெயிலில் காயவைத்து, பொலித்தீனில் சுற்றிப் பிரிஜ்ஜின் ஐஸ் பெட்டிக்குள் தள்ளினேன். பூச்சி இருந்தாலும் குளிரில் செத்துவிடுமாம். ஐஸ் எடுக்க வந்த வீட்டுக்காரர் கதவைத் திறந்தபடியே நின்றார். "உரலுக்கு என்னா, காய்ச்சலா?"

மெல்பேர்ன் விமான நிலையத்தில், மரச்சாமான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட எங்களைத் தனி வரிசைக்கு அனுப்பினார்கள். எங்களுக்கு முன்னால் நின்றவரின் மர யானையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதன் காலில் பூச்சி அரித்த ஓட்டையாம். எனக்கும் பயம் வந்துவிட்டது. ஆனால் என் வீட்டுக்காரரிடம் காட்டிக்கொள்வேனா? இவருக்கோ அந்தக் குளிரிலும் வேர்த்துக் கொட்டியது.

"உரல்ல தலைய விட்டாச்சு. இனி உலக்கைக்குப் பயந்து என்னாங்க செய்றது?" என்றேன்.

அங்கிருந்த அதிகாரி சின்னப் பெண். உரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். "அழகாக இருக்கிறது" என்றாள். என் கால் தரையில் படவில்லை. அப்போதுதான் அவள் மாவை அழுத்தும் மேல்கட்டையை உருவினாள். உள்ளேயிருந்து குங்குமம் பூசிய எலுமிச்சம்பழம் ஒன்று விழுந்து, மேசையில் உருண்டு, தரையில் ஓடியது.

நான் இவரைப் பார்த்தேன். இவர் கூரையைப் பார்த்தார்.

"கோயில்ல அர்ச்சன பண்ணுனது" என்றார் மெதுவாக. "உரல விட்டுறணும்னு வேண்டிக்கிட்டு, நான்தான் வச்சேன்."

"பழம் இருப்பதாக நீங்கள் சொல்லவில்லையே?" அவள் குரல் இறுகிவிட்டது. வந்த ஆத்திரத்தில் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் கொட்டினேன். மகள் பிள்ளைத்தாய்ச்சி, அவளுக்காகத்தான் உரல், அதை நீங்கள் விடவேண்டும் என்று இந்த மனிதர் சாமியிடம் வேண்டி வைத்த பழம் இது, எனக்கு ஒன்றுமே தெரியாது.

"நான் விடவேண்டும் என்றா?" என்று கேட்டாள். பிறகு அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். பழத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். இன்னொரு முறை என்றால் அபராதம் என்று எச்சரித்துவிட்டு, உரலை என் கையில் தந்தாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் காலை மகளுக்குச் சுடச்சுட இடியப்பம் வைத்தேன். இவர் கதிரையில் சாய்ந்துகொண்டு, "பாத்தியா, பழம் பலியாயிருச்சு, உரல் தப்பிருச்சு. அர்ச்சன வீண் போகல" என்றார்.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சண்டைக்கு வாயைத் திறந்தேன்.

"அப்பறம் ஏசுங்கம்மா. இன்னும் ரெண்டு வைங்க" என்று காலித் தட்டை நீட்டினாள்.